கொடுவாவாக ஓடிய கடைக்காரர்

புதுப்பட்டினத்தில் தூண்டில் கடை வைத்திருந்த பாய்க்கு வெள்ளைத் தாடி, கனத்த உடம்பு. கொடுவா மீன் பிடிக்க தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலும் கேட்டால், தூண்டில் நரம்பைத் தன் பெல்ட்டில் கட்டிக்கொண்டு ஓடிக் காட்டுவார்.

"நான்தான் கொடுவா. இஸ்த்துகினு ஓடுவேன், நீ ரீலை லூசு வுடு அண்ணாத்த," என்று அன்று ராடை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டில் பாய்ந்தார்.

"பாய், பஸ்!" என்று கத்தினேன்.

பதற்றத்தில் நான் ரீலை இறுக்கித் தொலைத்தேன். ராடு வில்லாக வளைய, அவர் நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார். ஹாரன் அலறியது. ராடைப் போட்டுவிட்டு ஓடி, அவரைக் கட்டிப்பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"மீனையும் இப்டித்தான் கட்டிப்புடிப்பியா? உனுக்கு ராடு வாணாம், வலை வாங்கிக்கினு போ!"

சொல்லிவிட்டு, அடுத்த ராடின் நரம்பைப் பெல்ட்டில் கட்டத் தொடங்கினார். தினமும் இப்படி மீனாகிறவர் எப்படித்தான் முழுசாக வீடு திரும்புகிறாரோ!