யாரா தாண்டிய மருந்து

குண்டிலுக்கு மூச்சுக்குத்தான் பஞ்சம், வாய்க்கு இல்லை. பக்கத்துக் குலத்துக்குச் சீராகப் பன்றி கொடுக்கும் நாளில் அவன்தான் குலத்துக்காகப் பேசுகிறவன். கட்டிப்போட்ட பன்றிகளின் வரிசையோரம் கோடரியைத் தோளில் சாய்த்து, மேலும் கீழும் நடந்தபடியே பேச வேண்டும். நடுவில் நின்று இளைத்தால் பேச்சு அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் பெங்கா, பல்லிளித்துக்கொண்டு காத்திருந்தான். குண்டிலோ வீட்டு வேலியைத் தொடுவதற்குள் நாய் மாதிரி இளைத்தான்.

அக்காள் யாரா அவனை மருந்துச்சாவடிக்கு இழுத்துப்போனாள்.

"புகையால மூச்சுக்குழாயெல்லாம் கெட்டுச் சுருங்கிக் கெடக்கு. கெட்டது திரும்பாது" என்றான் மருந்துக்காரன். "புகையிலைய விடுங்க. அடுப்ப வீட்டுக்கு வெளிய வைங்க. மிச்சமாவது தங்கும். நடக்கிறதுக்கு முன்னாடி இத இழுங்க." ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் மருந்துக் குப்பியைச் செருகிக் காட்டினான்.

"நெருப்பில்லாம குளிர்ல சாகவா?" என்றான் குண்டில்.

"இப்ப மட்டும் வாழ்ந்து கிழிக்கிறியாக்கும்" என்றாள் யாரா.

ஊர் ஆண்களெல்லாம் சேர்ந்து தங்கும் ஆண்கள் வீட்டில் தனியாகப் புகைக்கிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. செய்தித்தாளில் சுருட்டிய புகையிலை கைமாறிக்கொண்டே இருக்கும். மருந்தும் அப்படியே சுற்றியது. ஒருநாளும் இருமாதவனும் இழுத்தான். பெங்கா இரண்டு தடவை இழுத்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று குறை வேறு சொன்னான். இரண்டே நாளில் குப்பி காலி.

"பெரிய மனுசனாம்! மூச்சையே பந்தி வெச்சுட்டு வந்து நிக்கிறான்!"

இப்படித் திட்டிக்கொண்டே யாரா மறுபடி மலையிறங்கி, மருந்துக்காரனிடம் வசவு வாங்கி, புதுக் குப்பியோடு வந்தாள். ஆண்கள் வீட்டு வாசலில் எல்லாரும் பார்க்க அதைத் தரையில் வைத்தாள். காலைத் தூக்கித் தாண்டினாள். பெண் தாண்டியதை வாயில் வைத்தால் ஆணுக்கு உடம்பு அழுகிப்போகும் என்று அந்த வீரர்களுக்கெல்லாம் பயம். அத்தனை பேரும் சுவரோடு ஒட்டினார்கள்.

"எடுங்கடா! எவனுக்கு வேணும்?"

"அக்கா, என்னக் கொன்னுட்டியே!" என்று குண்டில் அலறினான்.

"அதத்தான் உன் புகையிலை செஞ்சுக்கிட்டு இருக்கே. ஒண்ணு, இத இழு. இல்ல, பெங்கா பேசறத உக்காந்து கேளு."

பன்றி கொடுக்கும் நாளன்று வாழைப் புதருக்குப் பின்னால் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தான். பிறகு மெல்ல மெல்ல நடந்தாலும் ஓரிடத்திலும் நிற்காமல் வரிசை முழுக்கப் பேசி முடித்தான். பேச்செல்லாம் தன் பாட்டன்மாரின் நெஞ்சுரத்தைப் பற்றித்தான். பெங்காவின் இளிப்பு அடங்கியது.

முடித்த கையோடு மடியிலிருந்து புகையிலையை எடுத்தான்.

"ஒரே ஒரு இழுப்புக்கா. ஜெயிச்சுட்டேன்ல?"

யாரா அதைப் பிடுங்கித் தரையில் போட்டு, அதையும் தாண்டினாள்.