கிணற்றின் மேல் ஒரு கட்டில்

மழை தூறத் தொடங்கினால் போதும், என் கை தானாக வீட்டின் பின்சுவரில் ஒரு சுவிட்சைத் தேடும். அங்கே இப்போது சுவிட்ச் கிடையாது. போன வருஷம் ஆள் வைத்துக் கழற்றி, ஓட்டையைச் சிமெண்டால் பூசச் சொன்னதே நான்தான். இருந்தும் கை போகிறது. பயம் மனசில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது விரல் நுனியில் இருக்கிறது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி இல்லை. அனகாபுத்தூரில் ஆற்றுக்கு மூன்று தெரு தள்ளி வீடு வாங்கியபோது, காற்று நன்றாக வரும் என்று பீற்றிக்கொண்டவள்தான். பெரிய வெள்ளம் வந்த வருஷம் எல்லாம் மாறியது. தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரும் என்று நானும் கணவரும் வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு, பெரிய சாமர்த்தியசாலிகளாக நின்றுகொண்டிருந்தோம். அது பாத்ரூம் ஓட்டை வழியாக வந்தது. முதுகுக்குப் பின்னால், சத்தமே இல்லாமல், தரைக்கு அடியிலிருந்து வந்தது. இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். வடிந்த பிறகு பார்த்தால் வீடு முழுக்கக் கணுக்கால் அளவு கருப்புச் சேறு. ஏரியில் கிடந்ததும் ஆற்றில் கிடந்ததும் எங்கள் சமையலறையில் வந்து படிந்திருந்தது. ஒரு மாதம் சுரண்டினோம். அதற்குப் பிறகு வானத்திலிருந்து விழும் தண்ணீரை நான் சட்டை செய்ததில்லை. தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீரை நினைத்தால்தான் தூக்கம் போய்விடும்.

வீட்டுக்குப் பின்னால் ஓர் உறைக்கிணறு இருந்தது. வெள்ளத்தில் அதன் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. எங்கள் தெருவில் எல்லோரும் கிணற்றை மூடினார்கள், நாங்களும் மூடினோம். அடியில் இடித்த கல், மேலே லாரி லாரியாகச் சவுடு மண். ஏதோ ஓர் ஏரியில் வெட்டிய மண் என்று லாரிக்காரர் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் அம்மா தவறிப்போய், அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். அவருக்கு ஓர் அறை வேண்டும், இருந்த இடம் அது ஒன்றுதான். மூடிய கிணற்றின் மேலேயே அறையைக் கட்டினோம்.

கட்டிய மேஸ்திரிக்கு அதில் இஷ்டமே இல்லை. "சொவத்துக்கு பீம் போட்டுத் தந்துடறேம்மா, அது நிக்கும். தரைக்கு அடியில வெறும் மண்ணுதான் கீது, அத்த ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். இன்னொன்றும் செய்தார். கிணற்றின் விளிம்பு சுவருக்கு வெளியே ஒரு முழம் நீண்டிருந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் பைப்பை ஆழமாக இறக்கி, மேலே மூடி போட்டு வைத்தார். "கெணத்த மூடுனா அது மூச்சு வுட ஒரு வழி வைக்கணும்மா. எங்க ஆளுங்க அப்படித்தான் செய்வோம்." என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பைப்பைப் பார்த்ததும் வேறு ஒரு யோசனை வந்துவிட்டது.

ஒரு நைலான் கயிற்றின் நுனியில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினேன். சாணுக்கு ஒரு முடிச்சு. ஐப்பசி பிறந்தால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் பைப்புக்குள் விட்டு, தண்ணீர் எத்தனை சாண் கீழே இருக்கிறது என்று பார்ப்பேன். ஊரே ஏரியில் எத்தனை அடி என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருக்க, நான் என் வீட்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். "வானிலை நிலையம் எழுந்தாச்சு" என்பார் கணவர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. பஸ் ஏறிப் போய்விடுவார். அடைமழையில் அப்பாவோடு தனியாக இருப்பவள் நான்தானே?

அப்பா வந்த இரண்டாம் வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் வரவில்லை. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். ஓர் இரும்புக் கட்டில் வாங்கி அந்த அறையில் போட்டோம். ஜன்னல் வழியாக முருங்கை மரம் தெரியும், அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கோ பயம் இரண்டு மடங்கானது. வெள்ளம் வந்தால் இவரை எப்படி மாடிக்குத் தூக்குவேன்? இதே கேள்வியோடு படுத்து இதே கேள்வியோடு எழுந்தேன். தண்ணீர் மூன்று சாண் கீழே என்ற அளவுக்கு ஏறிய ஒரு நாள், கடைக்குப் போய் அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். அதன் குழாயைக் கிணற்றுப் பைப்புக்குள் இறக்கினேன். சுவிட்சைப் போட்டேன். மூன்று சாண் நாலானது, நாலு ஐந்தானது. அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சை இன்னும் மறக்கவில்லை.

அப்படி மூன்று மழைக்காலம் ஓடியது. மழை பெய்தால் மோட்டார் ஓடும். மழை விட்டாலும் ஒரு வாரம் ஓடும், எதற்கும் இருக்கட்டும் என்று.

வெளியே வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதை அப்படியே தெருவில் விட்டால் பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வருவார். அதனால் ஒரு சிமெண்ட் தொட்டியில் விழவைத்தேன். அதில் மண் படிந்துவிடும், தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து போகும். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆற்றின் வேலைகள் மூன்று: அரித்தல், கடத்துதல், படியவைத்தல். ஓட்டம் எங்கே குறைகிறதோ அங்கே ஆறு தன் சுமையை இறக்கி வைக்கும். வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறேன். என் தொட்டியில் அதுவே நடப்பதைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. பிள்ளைகளிடம்கூடச் சொன்னேன்.

படிந்த மண்ணை வாரத்துக்கு ஒரு முறை அள்ளுவேன். மெத்தென்று நன்றாக இருக்கும். மாடியில் தொட்டிகள் வைத்து அதில் போட்டேன். கத்தரி அப்படிக் காய்த்தது! பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "இன்னாமா மண்ணு இது, தங்கமா கீதே! எனக்கும் ரெண்டு பக்கெட் குடேன்" என்றார். கொடுத்தேன். இரண்டு இல்லை, ஏழெட்டு பக்கெட் கொடுத்தேன். இந்த மண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பூமியில் மண்ணுக்கா பஞ்சம்?

போன வருஷம் தை மாதம், மழைக்காலம் முடிந்த சமயம், அப்பா முதல் முறை சொன்னார்: "கட்டில் சாயுதும்மா."

பார்த்தேன். தலைப்பக்கத்து இடது கால் துளி இறங்கியிருந்த மாதிரி இருந்தது. டைல்ஸ் போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை என்று திட்டிக்கொண்டே பழைய காலண்டர் அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சொன்னார். இன்னொரு அட்டை. மாதாந்திர செக்கப்பில் டாக்டரிடம் கேட்டேன். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் அப்படித் தோன்றும், படுத்திருக்கும் இடமே சாய்வதாகச் சொல்வார்கள் என்றார். எனக்கு நிம்மதி. அதற்குப் பிறகு அப்பா சொன்னபோதெல்லாம், "சாயலைப்பா. உங்க தலை அப்படிச் சொல்லுது. டாக்டரே சொன்னாரில்ல?" என்றேன். என் கணவரும் அதையே சொன்னார். அப்பா நாற்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவர். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் கோணினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் போய்ச் சொன்னோம். கொஞ்ச நாளில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

அது ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையில் அப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுக் கிளம்பும்போது கையிலிருந்து பித்தளைச் சொம்பு நழுவி, கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. டங்கென்று ஒரு சத்தம். குனிந்து எடுத்தேன். வாசற்படி தாண்டி ஹாலுக்கு வந்த பிறகுதான் ஏதோ உறுத்தியது. சொம்பின் அடியால் ஹால் தரையைத் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம். திரும்பிப் போய் அறை வாசலில் மண்டியிட்டு, கையை நீட்டி உள்ளே தட்டினேன். இன்னும் கொஞ்சம் எட்டித் தட்டினேன். காலிப் பானையைத் தட்டுகிற சத்தம்.

கட்டிலைப் பார்த்தேன். இரும்புக் கால் நாலு, அதன் மேல் அப்பா, ஒரு காலுக்கு அடியில் நாலு காலண்டர் அட்டை. அந்த அட்டைகளை வைத்தது நான். அட்டைக்குக் கீழே டைல்ஸ். டைல்ஸுக்குக் கீழே என்ன இருந்தது?

அப்போது அப்பா தண்ணீர் கேட்டார்.

சொம்பு என் கையில்தான் இருந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஐந்தடி தரை. காலை எடுத்து வைக்க முடியவில்லை. நான் அறுபத்தெட்டு கிலோ. நான் உள்ளே போனால் அந்தத் தரைக்கு நான் எத்தனையாவது சுமை? ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அங்கேயே நின்று பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்துவிட்டவள், இப்போது வாசலில் மரம் மாதிரி நின்றேன். "இதோ வரேன்பா, அசையாம இருங்க" என்றேன். "நான் எங்கம்மா அசையறது?" என்றார் அப்பா. அவருக்கு விளையாட்டு. கர்த்தரே, கர்த்தரே என்பதற்கு மேல் எனக்கு ஜெபம்கூட வரவில்லை.

கணவர் ஷிப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. மேஸ்திரிக்கு அடித்தேன். குன்றத்தூர் பக்கம் ஒரு வேலையில் இருந்தவர், நான் உளறியதைக் கேட்டதும் சொன்னார்: "நீ உள்ள காலு வைக்காதம்மா. அவர எயுந்துக்க வேணாம்னு சொல்லு. நான் வந்துகினே கீறேன்." அவர் வரும் வரை அறை வாசலில் உட்கார்ந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. கண் மட்டும் அந்த அட்டைகளை விட்டு நகரவில்லை. உலகத்திலேயே நீளமான முக்கால் மணி நேரம் அது.

மேஸ்திரி இரண்டு ஆட்களோடும் நீளமான பலகைகளோடும் வந்தார். இந்தச் சுவரோரத்திலிருந்து அந்தச் சுவரோரம் வரை பலகைகளைப் போட்டார்கள். அதன் மேல் ஒருவர் மட்டும் நடந்து போய் அப்பாவைத் தோளில் சாய்த்துத் தூக்கி, அடி அடியாக ஹாலுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு கட்டிலையும் ஹாலுக்கு இழுத்து வந்தார்கள். மேஸ்திரி வாசலில் நின்றபடியே கடப்பாரையை நீட்டி, அட்டை இருந்த இடத்தில் லேசாகக் குத்தினார். டைல்ஸ் உள்ளே போனது. கொஞ்சம் கழித்துத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தார். தரைக்கு அடியில், ஓர் ஆள் நின்றால் தலை தெரியாத ஆழத்துக்கு, ஒன்றுமே இல்லை. தரை தன் மேல் பூசிய சிமெண்டைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றிருந்தது. மேஸ்திரி வெளியே போய் மோட்டாரைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், தொட்டியின் அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.

"எத்தினி நாளா ஓட்டிகினு கீற?"

"மூணு மழைக்காலமா."

"தண்ணிய எட்த்தேன்னு நெனச்சுகினு கீற. நான் ரொப்புன மண்ணத்தாம்மா எட்த்துக்கீற. தண்ணி சும்மா நின்னா மண்ணும் சும்மா கெடக்கும். நீ இசுக்க இசுக்க அதுவும் கூடவே வரும்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அரித்தல், கடத்துதல், படியவைத்தல். மூன்றையும் நான் ஒருத்தியே செய்திருக்கிறேன். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று அப்பாவின் அடியிலிருந்தே பக்கெட் பக்கெட்டாக அள்ளிக் கத்தரிக்குப் போட்டிருக்கிறேன்.

குழியை நிரப்ப ஜல்லியும் மண்ணும் லாரியில் வந்தன. ஆனாலும் அன்று சாயங்காலமே நான் மாடிக்குப் போய் என் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அந்த மண்ணைச் சுமந்து வந்து குழியில் கொட்டினேன். காயும் பிஞ்சுமாக இருந்த செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். அந்த மண்ணால் அந்தக் குழியில் கால்வாசிகூட நிரம்பாது என்று எனக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அவர் தடுக்கவில்லை.

இப்போது அந்த அறையில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டிருக்கிறது. பைப் இருக்கிறது, மோட்டார் இல்லை. நேற்று முடிச்சுக் கயிறு விட்டுப் பார்த்தேன், தண்ணீர் இரண்டு சாண் கீழே. ஏறட்டும் என்று விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று இருட்டும் நேரத்தில் கை கால் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் கண் விழித்தபடி கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பயந்துவிடுவார், இல்லாவிட்டால் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்போ நெஜமாவே சாஞ்சுதா?" என்றார்.

"சாஞ்சுதுப்பா."

"கட்டில்தானே சாஞ்சுது? என் தலை இல்லையே?"

"கட்டில்தான்பா" என்றேன். அப்பாவின் வலது கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அத்தனை மாதங்களில் பார்க்காத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற அந்த வாயால், குழறிக் குழறிச் சொன்னார்:

"மாப்பிள்ளை வந்ததும் அவர்கிட்டயும் சொல்லிடும்மா."