தேதி கட்டும் இடத்தில் எச்சரிக்கை அடித்தவர்

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். அதனால் குருசாமி அண்ணன் செத்த செய்தி எனக்கு முன்பே எங்கள் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வெளியே வந்தபோது போனை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு சார், நான்தான் எடுத்தேன். ஒங்க இங்கிலீஷ்காரர லாரி அடிச்சுப்புடுச்சாம். சாத்தூருக்கு இந்தப் பக்கம், நாலு வழிச் சாலையில."

"எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக?"

"ஆஸ்பத்திரி எதுக்கு சார்?" என்றார்.

பிணவறை வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சமயம் அவரிடம் அடி வாங்கியவர்கள். நானும் வாங்கியிருக்கிறேன். செத்தவரைச் சாந்தமானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர் என்று எழுதுவது வழக்கம். இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அப்படி எழுதினால் சிரிப்பீர்கள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமையும் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தரச் சோதனைக்கு வந்தவன். அவர் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஏற்றுமதி ஆர்டர்களுக்குக் கடிதம் எழுதியவர். சிவகாசி வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாக ஆங்கிலம் எழுதிய இன்னொருவரை நான் பார்க்கவில்லை. உலகம் முழுக்க வாணவேடிக்கைச் சாமான் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றில் இருவரும் உறுப்பினர்கள். அங்கே ஸ்பெயின்காரன், சீனாக்காரன், மெக்சிகோக்காரன் என்று எல்லோரும் அவரவர் மொழியில் எழுதிக் குழப்பியபோது, இனி ஒரே மொழி, ஆங்கிலம் மட்டும் என்று விதி கொண்டுவரச் சொன்னவர்களில் அவர் முதல் ஆள். அந்த விதியின் வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். "பொது எடம்னா பேச்சு ஒண்ணா இருக்கணும்லே. ஆளுக்கு ஒரு பாஷையில கத்துனா அது சந்தைக்கடை" என்பார். எனக்கு அது சரியாகப் பட்டது. விதியை மீறும் பதிவுகளை அழிக்கும் மட்டுறுத்துநர்களில் நானும் ஒருவன் ஆனேன்.

ஒரு நாள் மன்றத்தில் ஸ்பெயினிலிருந்து ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கலந்து மிஞ்சிய வெடிமருந்தை விடுமுறை நாளில் மூடி வைத்ததால் அது ஈரத்தைக் குடித்து, தானாகச் சூடேறி, மறுநாள் திறந்தபோது ஆட்களைக் கொன்றிருக்கிறது. நாளின் முடிவில் மிச்சத்தை அழித்துவிடுங்கள் என்று அந்த ஆள் எழுதியிருந்தார். குருசாமி அண்ணன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "பாத்தியாலே, எழுத்துன்னா இது. ஒரு வார்த்தை கூடுதலாக் கெடையாது" என்றார். நான் எங்கள் யூனிட்டில் மிச்சத்தை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. இங்கே கூலி பீஸ் கணக்கு. திங்கட்கிழமை புது மருந்து கலந்து வரும்வரை பட்டாசுக் குழாய்களில் மருந்து செலுத்தும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சனிக்கிழமை மிச்சம் இருந்தால் வந்ததும் வேலையை ஆரம்பித்துவிடலாம். அதை அழி என்றால் யார் அழிப்பார்கள்?

அவருடைய தம்பி கணேசன் வெம்பக்கோட்டைப் பக்கம் வேறொரு யூனிட்டில் மருந்து கலக்குகிறவன். இரண்டு பேரும் ஒரே வீடு. ஒரு திங்கட்கிழமை காலை அந்த யூனிட் வெடித்தது.

சத்தம் எங்கள் ஆபீஸ் ஜன்னல் வரை வந்தது. இருவரும் பைக்கில் போனோம். கலவை அறை இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. வேலிக் கருவை மரத்தில் ஒரு தாவணி எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருந்தவர்கள் தோல் தொங்க நடந்து வந்தார்கள். அவர்கள் கத்தவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார்கள். கணேசனுக்கு முகம் இல்லை. அரைஞாண் கயிற்றையும் அதில் கோத்திருந்த தாயத்தையும் பார்த்துத்தான் அண்ணன் அடையாளம் சொன்னார். பிறகு என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"ஏலே, நான் இதப் படிச்சேன்லே. ஒனக்கு வாசிச்சுக் காட்டுனேன். இவன் அன்னைக்கு ராத்திரி எங்கூட உக்காந்துதான் சோறு தின்னான். இவன்ட்டச் சொல்லல. வாய்க்கு வரவே இல்லலே."

காரியம் முடிந்த மறுநாள் அவர் அந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதி மன்றத்தில் போட்டார். அழிக்கப்பட்டது. மறுபடி போட்டார். மறுபடி அழிக்கப்பட்டது. நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோது நேரே வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"நீயாலே அழிச்ச?"

"நான் இல்லண்ணே, வெளிநாட்டு ஆளு. ஆனா நான் பாத்திருந்தாலும் அழிச்சிருப்பேன்."

இன்னோர் அறை விழுந்தது. நானும் தள்ளினேன். அவர் கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். எழுத்துப் பொத்தான்கள் சிதறின. கடைக்காரர் எழுந்து வந்து, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் வெளிய போய் மண்டைய ஒடச்சுக்கோங்க. என் கம்ப்யூட்டர் என்ன பாவம் செஞ்சது?" என்றார். உதட்டில் ரத்தத்தோடு நாங்கள் வெளியே போய் டீக்கடையில் நின்று கத்திக்கொண்டோம். ஒவ்வொரு மொழிக்கும் தனி அறை கேட்டு மன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்போவதாக அவர் சொன்னார். தனி அறை வந்தால் ஸ்பெயின்காரன் செய்தியே நமக்கு வந்திருக்காது என்றேன். தமிழ் அறையில் எவனாவது தப்பாக எழுதினால் சரிபார்க்க யார் இருக்கிறார்கள், அந்தத் தப்பே நாலு பேரைக் கொல்லும் என்றேன்.

"நீ சரிபாரு. படிச்ச முண்டம்தானே" என்றார்.

வாக்கெடுப்பில் அவர் தோற்றார். நான் அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். தோற்ற அன்று அவர் மன்றத்தில் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: "உங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெடிப்பது உங்கள் நடுவில் அல்ல."

ஒரு வாரம் என்னோடு பேசாதவர், அதன் பிறகு ஒரு கட்டுக் காலண்டர் அட்டையோடு என் அறைக்கு வந்தார். அச்சில் நிறம் விலகியதால் ஒதுக்கப்பட்ட அட்டைகள். தெரிந்த அச்சகத்திலிருந்து வாங்கியிருந்தார். மேலே லட்சுமி படம். கீழே தேதித் தாள்களைக் கட்டும் இடம் வெறுமையாக இருந்தது. அங்கே எச்சரிக்கையை அடிக்கப் போவதாகச் சொன்னார். "வெறும் நோட்டீஸ்னா மேனேஜர் கிழிச்சுப்புடுவான். சாமி படத்த எவன் கிழிப்பான்?"

வாசகத்தை அவர் எழுத, நான் சரிபார்த்தேன். அதிலும் சண்டைதான். மிச்சத்தை அழி என்ற வார்த்தையே இல்லையே என்று நான் குதித்தேன். "அழின்னு நீ சொல்லிப் பாத்தேல்ல, எவன் கேட்டான்? மிச்சமே விழாம இருக்க வழி சொல்லு" என்றார். கடைசியில் அச்சானது இப்படி: "சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து கலக்காதே. கலந்ததைச் சாயங்காலத்துக்குள் செலுத்தி முடி. மிஞ்சினால் ஞாயிற்றுக்கிழமை அது ஈரம் குடிக்கும். திங்கட்கிழமை மூடியைத் திறந்த கை உன்னிடம் இருக்காது." ஸ்பெயின்காரர் எழுதியதில் சனிக்கிழமையும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஆனால் அண்ணன் எழுதியதில் நான் திருத்த ஒன்றும் இல்லை.

எங்கள் யூனிட்டில் மருந்து கலக்கும் பால்ச்சாமி அதைக் கலவை அறை வாசலில் ஒட்டி, பொட்டும் வைத்தார். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கலப்பதை நிறுத்திவிட்டார். சீசன் நேரம், லோடு ஏற்ற வேண்டும். மேனேஜர் வந்து கத்தினார்.

"யாரக் கேட்டுலே நிப்பாட்டுன?"

"சாமி படத்துல போட்டுருக்கு சார்" என்றார் பால்ச்சாமி.

மேனேஜர் அட்டையைப் பிடித்து இழுக்கக் கையைக் கொண்டுபோனார். "லட்சுமி சார், தீவாளி வருது" என்றாள் மருந்து செலுத்தும் பெண்களில் ஒருத்தி. கை அங்கேயே நின்றது. நின்ற கை திரும்பிப் பால்ச்சாமியின் கன்னத்தில் விழுந்தது. செய்தி ஆபீசுக்குப் போனதும் குருசாமி அண்ணன் நடந்து வந்தார், ஓடிக்கூட வரவில்லை. மேனேஜரை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போய் மூக்கை உடைத்தார். விழுந்த பிறகும் மிதித்தார். நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தோம். "அடிக்கணும்னா என்ன அடி. எழுதுனது நான்" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போனது. மேனேஜருக்குப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் யூனிட்டில் மருந்து கலக்கச் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. அட்டை இன்னும் அங்கே இருக்கிறது.

வேலை போன பிறகு வீட்டிலிருந்தே சின்னக் கம்பெனிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் அட்டைக் கட்டோடு பைக்கில் சுற்றினார். மல்லாங்கிணறு வழியாக வேலைக்கு ஆள் வரும் பஸ்களில்கூட ஒட்டினார். பல வாசல்களில் அடித்து விரட்டியிருக்கிறார்கள். கை முட்டியில் துணி சுற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். செத்த அன்றும் பின் சீட்டில் ஒரு கட்டு இருந்தது. பார்த்தவர்கள் சொன்னார்கள்: கட்டு அவிழ்ந்து லட்சுமி படங்கள் சாலை முழுக்கப் பரவிவிட்டன. அவர் கிடந்த பக்கம் நிற்காமல் போன வண்டிகள், படத்தின் மேல் சக்கரம் ஏறிவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போயினவாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கிறது. யாரை என்றுதான் தெரியவில்லை.

நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாளை வாக்கெடுப்பு வந்தாலும் மன்றத்துக்கு ஒரே மொழி போதும் என்றுதான் போடுவேன். ஸ்பெயினில் செத்தவனைப் பற்றிச் சிவகாசிக்குத் தெரிய வேறு வழி இல்லை. அண்ணன் உயிரோடு இருந்தால் இந்த வரிக்கே ஓர் அறை கிடைத்திருக்கும்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மன்றத்தில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தால், உட்கார்ந்த இடத்தில் பாராட்டிக்கொண்டிருப்பதில்லை. எழுந்து கலவை அறைக்குப் போகிறேன். பால்ச்சாமியிடம் அவருக்குப் புரியும் பேச்சில் சொல்கிறேன். "அப்ப நாளைக்கு நான் என்ன செய்யணும்?" என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் திரும்பி வந்து மறுபடி வாசிக்கிறேன். சொல்லத் தெரியும்வரை நான் அதைப் படித்தவன் இல்லை.