எந்த வாரேன்?

"...வாரேன்னுதானே அக்கா சொல்லிட்டுப் போனீங்க, அப்புறம் ஏன் வரலை?" என்று கேட்டாள் அந்த ஒடிசாக்காரப் பெண். திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தான். வகிடு நிறையச் சிந்தூரம், மணிக்கட்டு வரை மாவு. எப்போது பார்த்தாலும் யாருக்காவது சமைத்துக்கொண்டிருப்பாள்.

முந்தின நாள் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் வழக்கம்போல "வாரேன் சாமி" என்று சொல்லியிருந்தேன். அதை அப்படியே நம்பி எனக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறாள். பால்காரர் வாரேன்னு சொன்னாலும் அவருக்கும் இரண்டு சேர்த்துச் சுடுவாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட கூறு கெட்ட புள்ள, எங்கூர்ல போறேன்னு சொல்ல மாட்டாங்க சாமி. திரும்பி வராதவங்களும் வாரேன்னுதான் சொல்லுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவு உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"பொங்கல் முடிஞ்சு அவரு வண்டியில போனாரு. எங்க பாஷையில ஒண்ணும் சொல்லலை அக்கா. தமிழ்ல வாரேன்னு சொன்னாரு. இப்ப போனும் பண்றதில்லை."

வண்டி காட்டுக்குள் நிற்கும், டவர் கிடைக்காது என்று என்னென்னவோ சமாதானம் சொன்னேன். தலையை ஆட்டினாள். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். அவன் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள்.

"நீங்க தமிழ்ல கேளுங்க அக்கா. அது எந்த வாரேன்னு."

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் வாயையே பார்த்தபடி நின்றாள்.