மைனஸ் இருபதில் ஒரு கை

போன செவ்வாய்க்கிழமை தாராவியில் ஒரு பட்டறைக்குள் நின்று கத்தினேன். "பந்த் கரோ! பந்த் கரோ!"

இத்தனை வருஷமாக உங்களுக்குத் தமிழில் பத்தி எழுதுகிறவன்... உயிர் பதறும்போது ‘நிறுத்துங்க’ என்று வராமல் வாயில் வந்தது ஹிந்தி! மும்பைக்காரன் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பு புரோகிராம் எழுதுவது. அந்தப் பட்டறையில் பர்ஸுக்குத் தோல் வெட்டுகிறார்கள். சுழலும் தட்டு, மேலே கத்தி, கீழே பெடல். தட்டு நிற்கும் கோணத்தைப் பார்த்துக் கத்தியைப் பூட்டும் புரோகிராம் என்னுடையது. முந்நூறு டிகிரி முதல் முந்நூற்று அறுபது வரை, தோலை வைக்கிறவர் கை கத்திக்கு நேர் கீழே இருக்கும். அப்போது சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பெடலை மிதித்தாலும் கத்தி இறங்கக் கூடாது.

தட்டு சுற்றிக்கொண்டே இருக்குமே — ஆயிரம் டிகிரி, இரண்டாயிரம் டிகிரி? 360-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் போதும். தசம எண்ணுக்கு மீதி காண சி மொழியில் எஃப்மாட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அதைப் போட்டு, திலக் நகர் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் சுற்று ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே முன்பக்கமாக!

மெஷினை ஓட்டுகிற செல்வி, திருநெல்வேலிக்காரர். ஸ்விட்சைப் போட்டார். தட்டைக் கையால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். தோலோடு கை உள்ளே போனது. கால் பெடல் மேலே. கோணம் காட்டும் திரையில் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் இருபது. விளக்கு... எரியவில்லை.

அப்போதுதான் கத்தினேன். செல்வி கையை உருவிக்கொண்டார்.

"ஏன் சார் இப்பிடிக் கத்துதிய?"

"பின்னாடி எதுக்கும்மா தள்ளினீங்க?"

"பழைய துண்டு சிக்கியிருக்கான்னு பாக்க வேண்டாமா? இங்க எல்லாரும் அப்பிடித்தான். நீங்க கேக்கவே இல்லியே!"

கேட்கவில்லைதான். மைனஸ் இருபது என்றால் தட்டு நிற்பது 340-இல். ஆனால் வகுபடும் எண் மைனஸ் என்றால் எஃப்மாட் தரும் மீதியும் மைனஸ்தான். அது முந்நூறுக்கும் முந்நூற்று அறுபதுக்கும் நடுவில் வராதே! பூட்டு திறந்தே கிடந்தது. ஃபங்ஷன் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.

ஆபீஸ் நண்பனுக்குப் போன் போட்டேன். "ரிமெயிண்டர்னு இன்னொரு ஃபங்ஷன் இருக்கே தோஸ்த், அதைப் போடு" என்றான். போட்டிருந்தால் தொலைந்தது! அது 360-இன் மடங்குகளில் எது மிக அருகில் இருக்கிறதோ அதிலிருந்து கணக்குப் பார்க்கும். ஒழுங்கான 340-ஐக் கொடுத்தாலும் மைனஸ் இருபது என்றே சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் ஆபத்து.

மீதி மைனஸில் வந்தால் 360-ஐக் கூட்டு — ஒரே வரி. கைக்குப் பதில் ஒரு அட்டையை வைத்து, தட்டைப் பின்னுக்குத் தள்ளி, பத்து தடவை மிதித்துப் பார்த்தோம். சிவப்பு விளக்கு. கத்தி அசையவில்லை.

"சரியாயிடுச்சும்மா" என்றேன்.

செல்வி நகர்ந்து இடம் விட்டார். "அப்பம் நீங்க கைய வைங்க சார். நான் மிதிக்கேன்."

என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பயம்... வேறென்ன? லேப்டாப்பைத் திறந்தேன். மொத்த புரோகிராமையும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். அதற்கப்புறம்தான் கையை வைத்தேன். அவர் மிதித்தார். கத்தி அசையவில்லை.

முந்தின வாரம் இதே புரோகிராமை, ஒரு தடவைகூடத் திரும்பிப் படிக்காமல், சாயா குடித்துக்கொண்டே ‘ஓகே’ என்று அனுப்பியவனும் நான்தான்!