ஒரு கார்டு, இரண்டு எக்ஸ்ரே

இரண்டு வருடங்களுக்கு முன், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு ஸ்கேன் சென்டரில் கான்ட்ராக்டில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தேன். படங்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கப் புது சாஃப்ட்வேர் வாங்குவதாக இருந்தார்கள். அது கையாள எளிதாக இருக்கிறதா என்று சோதிக்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.

கையில் ஸ்டாப்வாட்ச்சோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்த மாதிரிப் படங்களைத் திறந்தேன், பெரிதாக்கினேன், அனுப்பினேன். சீக்கிரமே முடித்துவிட்டேன். 'மிக எளிது' என்று அச்சடித்த படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

அவர் படங்களில் ஆளுக்கொரு நம்பர். அப்படிப்பட்ட குடும்பத்தை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. இங்கே சுரங்கத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு மெடிக்கல் கார்டு; மொத்தக் குடும்பமும் அந்த நம்பரில்தான் வரும். இந்த சாஃப்ட்வேரிலோ நம்பரை அடித்தால் கடைசியாக எடுத்த படம் தானாகத் திறக்கும். யாருடையது என்பது மூலையில் எறும்பு சைஸில் இருக்கும். அன்று காலை ஒரு தொழிலாளியும் அவருடைய அப்பாவும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்திருந்தார்கள்; சோதனைக்காக அன்றைய படங்களும் இந்த சாஃப்ட்வேரில்தான் ஏறின. அப்பாவின் படத்தைத் தேடி மகனுடையதைத் திறந்துவிட்டேன். படம் எடுத்தவளே நான் என்பதால் கண்டுபிடித்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

விஷயம் சென்டர் முதலாளியான டாக்டரிடம் போனது. கம்பெனிக்காரர் எதிரிலேயே, "கான்ட்ராக்ட்ல இருந்துகினு உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? போட்டுக் குடு," என்றார். அந்த வேலையை நம்பித்தான் என் குடும்பம் ஓடியது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

"காலைல வந்த பெரியவர் படத்த நீங்களே தெறந்து பாருங்க சார். அப்புறம் போடுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து கார்டு நம்பரை அடித்தார். சற்று நேரம் பார்த்துவிட்டு, "நெஞ்சு க்ளீனா இருக்கு. பெரியவர வூட்டுக்கு அனுப்பு," என்றார்.

"அது அவரு மகனுதுங்க சார்."

பெரியவருடைய படத்தை நானே திறந்து காட்டினேன். இடது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு நிழல் இருந்தது.

கம்பெனிக்காரர் படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் எழுந்து வெளியே போய், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த பெரியவரை அவரே உள்ளே அழைத்து வந்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பெயரும் வயதும் திரையின் உச்சியில் பெரிய எழுத்தில் வந்த பிறகுதான் அந்த சாஃப்ட்வேரை வாங்கினார்கள்.

இன்றும் யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்றால், பெஞ்சில் மகன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்தான் கண்முன் வருகிறார், பேனாவை மூடிவிடுகிறேன்.