அன்னப் படகும் ஓர் உதிலையும்

எங்கள் ஊரில் வீட்டுப் படலையைத் தாண்டி வெளியே போகிறவரைப் பார்த்து "எங்கை போறியள்?" என்று கேட்கக் கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும். அதற்காகக் கேட்காமலும் இருக்க முடியாதே! "தூரமோ?" என்று கேட்பார்கள். நாங்கள் "உதிலை" என்போம். உதிலை என்றால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை, இடையில் எங்கேயோ. பொய் சொல்லாமல் உண்மையை மறைக்க அதைவிட நல்ல சொல்லை நான் இதுவரை கண்டதில்லை.

சந்திக்கு அப்பால் இருக்கிற சின்னப் பட்டணத்தில் பூங்காவைத் திருத்தி, குளத்தில் மிதித்து ஓட்டுகிற அன்னப் படகுகள் விட்டிருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்த நாளிலிருந்து எனக்கு அதில் ஏற ஆசை. சின்ன ஆசையில்லை, நித்திரையைக் கெடுக்கிற ஆசை. முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்க் கரையில் காவல் நின்றதுதான் மிச்சம். என் மனுசனிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? உந்த வயதிலை அன்னத்திலை ஏறினால் சனம் என்ன சொல்லும்?"

சனத்தையே கலியாணம் கட்டியிருக்கலாம் இந்த மனுசன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் நூலகத்துக்கென்று சைக்கிளில் புறப்பட்டார். தலை மறைந்ததும் நான் சேலை மாற்றி, அரை மணித்தியாலத்தில் ஸ்கூட்டியை எடுத்தேன். நடைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு மனுசி நிமிர்ந்தார்.

"ரீச்சர், தூரமோ?"

"உதிலை."

படகுக்குப் பொறுப்பானவர் என்னை ஏற்றவில்லை. "அன்ரி, தனிய ஏலாது. ஒருபக்கம் சரியும். இன்னொராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், ஒரு பிளாஸ்டிக் அன்னத்துக்காக. யாராவது அகப்படுவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். வேப்பமரத்தடி வாங்கில் எனக்கு நன்றாகத் தெரிந்த வழுக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. கையில் இரண்டு உருண்டை வைத்த கோன் ஐஸ்கிரீம். சீனி வருத்தத்துக்கு மூன்று நேரமும் குளிசை எடுக்கிற கை அது.

"இஞ்சாருங்கோ, இதுவோ நூலகம்?"

மனுசன் கோனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அது சேட்டில் வழிந்தது.

"சும்மா... உதிலை வந்தனான். நீர்?"

"நானும் உதிலைதான். எழும்புங்கோ, அன்னத்திலை ஏறுவம். டொக்டரிட்டை நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"சனம்..." என்று தொடங்கினார். நான் கோனைப் பார்த்தேன். எழும்பிவிட்டார்.

நாற்பது வருடம் சைக்கிள் ஓடிய மனுசன் பதற்றத்தில் பின்னுக்கு மிதித்தார். அன்னம் வாலை முன்னே நீட்டிக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான். கோனை என் பக்கம் நீட்டினார். அவ்வளவு சந்தோசமாக நான் இருந்து கனகாலம்.

அப்போதுதான் கரையில் சப்பாத்தோடு நடந்து வந்த அடுத்த வீட்டு மனுசியைக் கண்டோம். இவர் அன்னத்தின் கழுத்துக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். கழுத்து போதவில்லை. மனுசி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

"ரீச்சர், தூரமோ?"

கரையில் நின்ற சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறக்கமுன் இவர் நிமிர்ந்திருந்து, கோனை உயர்த்திப் பிடித்துக் கத்தினார்:

"உதிலை!"